படம்: ச. தில்லைநாதன்

எழுபத்துமூன்றாம் ஆண்டு தைப்பொங்கலுக்கு லீவில் வந்த தில்லைநாதன் யப்பான் கமரா ஒன்றும் ஒரு பெட்டி பிலிமும் கொண்டு வந்தான். அவனுக்குக் கப்பலில் வேலை. கொண்டு வந்ததைக் கொழும்பில் யாருக்காவது கைமாற்றிவிடுவதுதான் அவன் எண்ணம். அதற்குள் அவனுடைய தங்கை அருந்ததி ஒருநாள் அதைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு அது அவளிடமிருந்து திரும்பி வரவில்லை.

அருந்ததி பருத்தித்துறையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தாள். வயது இருபத்தாறு. கமராவோடு வந்த புத்தகத்தை இரண்டு முறை வாசித்தாள். வீட்டுச் சாமான் அறையின் யன்னலைச் சாக்கால் மூடி, ரோச் லைற்றுக்குச் சிவப்புக் கடதாசி சுற்றி, பிலிமைக் கழுவவும் அதிலிருந்து கடதாசியில் படம் போடவும் தானே பழகினாள். முதலில் கோயில் கோபுரத்தை எடுத்தாள். பிறகு கரையில் இழுத்துவிட்ட வள்ளங்களை. எல்லாம் துலக்கமாகத்தான் வந்தன. ஆனால் ஒன்றையும் இரண்டாம் தரம் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

அண்ணன் கொண்டு வந்த வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் ஒரு படம் இருந்தது. யன்னலோரம் ஒரு பெண்ணின் முகம். அவ்வளவுதான். பக்கத்தில் பூச்சாடி இல்லை, பின்னால் திரை இல்லை. அந்தப் பெண் யாரென்றுகூட எழுதியிருக்கவில்லை. அருந்ததி அந்தப் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் இருப்பாள். அப்படி ஒரு முகத்தை எடுக்கவேண்டும்.

அதற்கு ஆள் வேண்டுமே. தாயை நிறுத்திப் பார்த்தாள். தாய் தையற்காரன் அளவெடுக்க நிற்பதுபோல் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். கூடப் படிப்பிக்கிற ரீச்சர் ஒருத்தி முகம் முழுக்கப் பவுடரோடும் கூறைச் சேலையோடும் வந்து, பிளாஸ்ரிக் பூச்சாடி இல்லையா என்று கேட்டாள். மீன் சந்தையில் ஒரு பெண்ணை எடுக்கப்போய் நல்ல ஏச்சு வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

"மொடலுக்கு நிக்கிறது எண்டால் அது சினிமாக்காரியளின்ரை வேலை. எங்கடை ஊரிலை ஆரடி உனக்கு நிக்கப்போகினம்?" என்றாள் தாய்.

நின்றவள் கனகாம்பிகை.

கனகாம்பிகை பக்கத்து வீட்டுக்கு மயிலிட்டியிலிருந்து வாழ வந்தவள். அருந்ததியின் வயதுதான். கணவன் ஆழ்வாப்பிள்ளை கிரேக்கக் கப்பல் ஒன்றில் இருந்தான். கலியாணம் முடித்த நாலு வருடத்தில் இரண்டு முறைதான் வந்து போயிருந்தான். பிள்ளை இல்லை. கணவனின் அக்கா நாகேஸ்வரியோடு அந்த வீட்டில் இருந்தாள். சமைத்தாள், கூட்டினாள், நாகேஸ்வரி சொன்னதற்கெல்லாம் ஓம் என்றாள். வேலிக்கு இப்பால் அருந்ததியோடு கதைக்கும்போதுதான் அவளுடைய குரல் கொஞ்சம் உயரும்.

"உந்தக் கமராவாலை என்னை எடுக்கமாட்டியோ?" என்று ஒருநாள் அவளே கேட்டாள்.

"நீ நிப்பியோ?"

"நிண்டால் என்ன? மச்சாள் சந்தைக்குப் போற நேரமாப் பாத்து வா."

அதிலிருந்து சனிக்கிழமைக் காலைகளில் அருந்ததி அந்த வீட்டுக் கிணற்றடிக்குப் போனாள். முதல் இரண்டு முறையும் ஒன்றும் சரிவரவில்லை. கனகாம்பிகை சிரிப்பை அடக்க முயன்று முகத்தை இறுக்கினாள். அருந்ததி நாடியை உயர்த்து, தோளைத் தாழ்த்து, அங்கே பார், இங்கே பார் என்று சொல்லிச் சொல்லி அவளை மரப்பாவையாக்கிவிட்டாள்.

அது மேலேயிருந்து குனிந்து பார்க்கிற மாதிரிக் கமரா. நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, உள்ளே இருக்கிற கண்ணாடியில் தெரிகிற உருவத்தைப் பார்க்கவேண்டும். அது கனகாம்பிகைக்குப் பிடித்துக்கொண்டது.

"நீ என்னைப் பாக்கிற மாதிரியே இல்லை. என்னைக் கும்பிடுற மாதிரி இருக்கு" என்றாள்.

"நான் பாக்கேல்லை எண்டு நினைச்சுக்கொண்டு நில்லன்."

மூன்றாம் முறை அவள் தலை முழுகிவிட்டு வந்தாள். ஈரக் கூந்தலை ஒரு பக்கத்துத் தோளில் போட்டிருந்தாள். காலை வெயில் வெள்ளையடித்த முருகைக்கல் மதிலில் பட்டு, அங்கிருந்து திரும்பி அவளுடைய முகத்தில் மெதுவாக விழுந்தது. அருந்ததி வாயைத் திறந்தாள்.

"சும்மா இரு" என்றாள் கனகாம்பிகை. "இண்டைக்கு நீ ஒண்டும் சொல்லாதை. நான் சொல்லேக்கை எடு."

அவள் கமராவின் முன்பக்கக் கண்ணாடியை நேரே பார்த்தாள். முதலில் அந்தப் பார்வையில் ஒன்றும் இல்லை. பிறகு எங்கிருந்தோ ஒன்று வந்தது. நாடி தானாக உயர்ந்தது. சிரிப்புத் தொடங்குவதற்குச் சற்று முன் இருக்கிற முகம். யாருக்கும் ஓம் சொல்லாத முகம்.

"இப்ப" என்றாள்.

அன்று பின்னேரம் சாமான் அறையில் அந்தப் படம் மருந்துத் தண்ணீருக்குள் மெல்ல மெல்லக் கறுத்து வந்தபோது அருந்ததி தட்டின்மேல் குனிந்தபடியே இருந்தாள். சஞ்சிகையில் இருந்த முகத்தை அவள் மறந்தே போனாள்.

உள்ளங்கையளவு படத்தைக் கனகாம்பிகை வேலியடியில் வாங்கிப் பார்த்தாள். விரலால் அதன் ஓரத்தைத் தடவினாள். "நான் வடிவா இருக்கிறன், என்ன?" என்றாள் கடைசியில், மெதுவாக.

"ஓம்."

"இவர் வந்தாப்போலை நானே காட்டுவன். அதுவரைக்கும் உன்னட்டையே இருக்கட்டும். மச்சாள் கண்டால் கரைச்சல்."

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் கொழும்பிலிருந்து வருகிற ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் ஒன்றில் புகைப்படப் போட்டி வைத்திருந்தார்கள். அருந்ததிக்கு அதைப் பார்த்த நாளிலிருந்து வேறு நினைப்பு இல்லை. அந்தப் படத்தை நாலுபேர் பார்க்கவேண்டும், படமெடுக்கத் தெரிந்தவர்கள் பார்த்துச் சரி என்று சொல்லவேண்டும்.

"அந்தப் படத்தைக் கொழும்புக்கு அனுப்பட்டோ? அங்கை பெரிசாப் போடுவினம்" என்று வேலிக்கு மேலால் கேட்டாள்.

கனகாம்பிகை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். படத்தைப் பெரிதாக்குவதைச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தாள். "அனுப்பன். பெரிசா வந்தால் எனக்கும் ஒண்டு தா."

அவள் எதை நினைத்துச் சொன்னாள் என்பது அருந்ததிக்கு விளங்கியது. விளக்கிச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அவள் சொல்லவில்லை.

பெயர் போடவேண்டிய இடத்திலும் அவள் தயங்கினாள். அதிபரான பெரிய ரீச்சர் இரத்தினம்மா கண்டிப்பானவர். பள்ளிக்கூட ரீச்சரின் பெயர் பேப்பரில் படத்துக்குக் கீழே வந்தால் என்ன சொல்வாரோ என்று பயம். அண்ணனைக் கேட்டாள்.

"என்ரை பேரைப் போடன்" என்று தில்லைநாதன் சிரித்தான். "பரிசு வந்தால் பாதி எனக்கு."

போட்டிக்குப் பெரிய படமாக அனுப்பவேண்டும் என்று இருந்ததால், அவனே நெகற்றிவ்வைக் கொண்டு யாழ்ப்பாணம் போய் ஒரு ஸ்ரூடியோவில் பெருப்பித்து வாங்கி வந்தான்.

பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது வந்தது. முதற்பரிசு. அரைப் பக்கத்துக்குக் கனகாம்பிகையின் முகம். கீழே பேப்பர்காரர்கள் தங்கள் பாட்டுக்குத் தடித்த எழுத்தில் ஒரு வரி போட்டிருந்தார்கள்: 'யாருக்காக இந்தப் பார்வை?' அதற்குக் கீழே சிறிய எழுத்தில்: படம்: ச. தில்லைநாதன், பருத்தித்துறை.

வாசிகசாலையில் அதை முதலில் கண்டவர்கள் ஆம்பிளைகள். மத்தியானத்துக்கு முன்பே யாரோ அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போய்விட்டார்கள். பின்னேரம் நாகேஸ்வரி அருந்ததி வீட்டு முற்றத்தில் வந்து நின்றாள். கையில் பேப்பர்.

"எங்கை உன்ரை கொண்ணன்? வெளியிலை வரச் சொல்லு. என்ரை தம்பி நடுக்கடலிலை கிடந்து உழைக்கிறான். இஞ்சை இவர் அவன்ரை பெண்சாதியைக் கிணத்தடியிலை ஈரத் தலையோடை வைச்சுப் படம் பிடிக்கிறாரோ?"

தில்லைநாதன் வெளியே வந்தான். "அக்கா, கமரா என்ரை. படம் நான் எடுக்கேல்லை. தங்கச்சிதான்…"

"பேர் உன்ரையடா! உன்ரை பேர்தானே இதிலை கிடக்கு!"

அருந்ததி முன்னால் வந்தாள். "உண்மையா நான்தான் எடுத்தனான், அக்கா. பேரை மட்டும்தான் மாத்திப் போட்டனான்."

நாகேஸ்வரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அண்ணனைக் காப்பாத்த வந்திட்டியோ? ஒரு பொம்பிளையை ஒரு பொம்பிளை உப்பிடிப் பாத்து எடுப்பாளோ? அல்லது ஒரு பொம்பிளையைப் பாத்து உவள் உப்பிடி நிப்பாளோ? எனக்கு ஒண்டும் தெரியாதெண்டு நினைச்சியோ?"

நாகேஸ்வரி அன்றிரவே சொல்லியனுப்ப, அடுத்த நாள் விடிய மயிலிட்டியிலிருந்து கனகாம்பிகையின் தகப்பன் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார். அருந்ததி வேலியடிக்கு ஓடினாள். கனகாம்பிகை ஒரு பையோடு படலையைத் தாண்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அண்ணன் யாழ்ப்பாணத்தில் படத்தைப் பெருப்பிக்கக் கொடுத்ததைக் கண்டவன் ஒருவன் அதைச் சந்தியில் சொன்னான். ஆழ்வாப்பிள்ளையின் சொந்தக்காரர் இரண்டு பேர் தில்லைநாதனைச் சைக்கிளிலிருந்து இழுத்து விழுத்தினார்கள். வல்வெட்டித்துறையில் அவனுக்குக் கலியாணம் பேசிவைத்திருந்த இடத்தார் ஆள் விட்டு, இனி இது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வீங்கின சொண்டோடு அவன் குசினிக்குள் வந்து அடுப்படியில் இருந்த தங்கையின் முன் நின்றான்.

"நான் ஒண்டும் செய்யேல்லை, அருந்ததி. பேர் தந்தது மட்டும்தான். நீ எல்லாருக்கும் சொல்லு. பள்ளிக்கூடத்திலையும் சொல்லு."

அவள் போனாள். இரத்தினம்மா ரீச்சரின் கதிரைக்கு முன் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். ரீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"படத்தை நானும் பாத்தனான். நல்ல படம். உம்முடைய பேர் போட்டு வந்திருந்தால் அசெம்பிளியிலை எல்லாப் பிள்ளையளுக்கும் காட்டியிருப்பன்" என்றார். "என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?"

ஏச்சு விழுந்திருந்தால் அருந்ததி தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. வெளியே வந்து தண்ணீர்ப் பைப்படியில் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றாள். இல்லாத ஒரு பயத்துக்காகத்தானா இத்தனையும்?

ரீச்சர் சொன்னபடி பேப்பருக்கு எழுதிப்போட்டாள். இரண்டு கிழமை கழித்து, மரண அறிவித்தல்களுக்குப் பக்கத்தில் ஒரு திருத்தம் வந்தது: படத்தை எடுத்தவர் செல்வி ச. அருந்ததி. அதைக் கண்டவர்கள் கொஞ்சப்பேர். அவர்களும், "தங்கச்சியின்ரை பேரைப் போட்டு மூடப் பாக்கினம்" என்றார்கள். தில்லைநாதன் லீவு முடியமுன்பே கொழும்புக்கு ரெயில் ஏறிவிட்டான். போய்வருகிறேன் என்று தாயிடம் சொன்னான். அருந்ததியிடம் சொல்லவில்லை.

சித்திரை கடைசியில் ஆழ்வாப்பிள்ளை வந்தான். அவன் வந்து இறங்கின செய்தி வேலிக்கு இப்பால் கேட்டவுடனே அருந்ததி கமராவையும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். தாய் தடுத்தாள், அவள் நிற்கவில்லை.

ஆழ்வாப்பிள்ளை கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்திருந்தான். உயரமான, அமைதியான ஆள். பயணக் களை முகத்தில் இருந்தது. நாகேஸ்வரி குசினி வாசலில் நின்று, "உவளை உள்ளுக்கு விடாதை" என்று கத்தினாள். அவன் கையை உயர்த்தி அக்காவை நிறுத்தினான்.

"சொல்லும், தங்கச்சி."

அவள் சொன்னாள். சனிக்கிழமைகள், மதில் வெளிச்சம், கனகாம்பிகை 'இப்ப' என்றது, கொழும்புக்கு அனுப்பட்டோ என்று தான் கேட்டதும் அவள் பிழையாக விளங்கிக்கொண்டதும். ஒன்றையும் விடவில்லை. பிறகு கமராவின் மேல்மூடியைத் திறந்து அவனிடம் நீட்டினாள். "இதுக்குள்ளை குனிஞ்சு பாருங்கோ, அண்ணை. எடுக்கிற ஆளின்ரை முகம் நிக்கிற ஆளுக்குத் தெரியாது. உச்சந்தலைதான் தெரியும். அவ என்னையும் பாக்கேல்லை. ஒருத்தரையும் பாக்கேல்லை."

அவன் வாங்கிக் குனிந்து பார்த்தான். கிணறும் துலாவும் மதிலும் கண்ணாடிக்குள் இடம்வலம் மாறித் தெரிந்தன. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திருப்பித் தந்தான்.

"நீர்தான் எடுத்தனீர். நான் நம்புறன்" என்றான்.

அருந்ததிக்கு அழுகை வந்தது. "அப்ப அவவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, அண்ணை."

அவன் மதிலைப் பார்த்துக்கொண்டு பேசினான். "கொழும்பிலை சிநேகிதன் ஒருத்தன் பேப்பரைக் காட்டினவன். முதல் ஆரெண்டே எனக்கு மட்டுக்கட்டேலாமல் போச்சு. நாலு வரியமா என்ரை பெண்சாதி. ஒருநாளும் எனக்கு உப்பிடி ஒரு முகத்தைக் காட்டேல்லை. ஆம்பிளை ஒருத்தன் எடுத்திருந்தால் அவனோடை சண்டை பிடிக்கலாம். இப்ப நான் ஆரோடை பிடிக்கிறது?"

அருந்ததி கமராவை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

இரண்டு நாள் அவன் எங்கும் போகவில்லை. மூன்றாம் நாள் காலை வேலியடியில் வந்து நின்று, "மயிலிட்டிக்குப் போறன். நீரும் வாரும். நீர் சொல்லவேண்டியதை அங்கை சொல்லும்" என்றான்.

பஸ்ஸில் அவன் முன்னால் இருந்தான். அவள் பின்னால் பெண்களோடு இருந்தாள். மயிலிட்டியில் துறைமுகத்துக்குக் கிட்ட, பனையோலை வேலி போட்ட வீடு. முற்றத்தில் பாயில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. கனகாம்பிகை காகத்தைத் துரத்த ஒரு தடியோடு குந்தியிருந்தாள். மெலிந்திருந்தாள். கணவனைக் கண்டதும் எழும்பினாள். அவனுக்குப் பின்னால் அருந்ததியைக் கண்டதும் அவளுடைய முகம் கல்லாகியது.

தகப்பன் மருமகனை உள்ளே கூப்பிட்டார். அவன் போகவில்லை. வேலியோரம் நின்றான்.

"கனகம்" என்றாள் அருந்ததி. "அண்ணைக்கு எல்லாம் சொல்லிப்போட்டன். அவர் நம்புறார். உன்னட்டை மன்னிப்புக் கேக்க வந்தனான்."

"எதுக்கு?"

"உன்னைக் கேக்காமல் பேப்பருக்கு அனுப்பினதுக்கு."

"கேட்டனிதானே." கனகாம்பிகையின் குரல் உயரவில்லை. "எனக்கு விளங்காத மாதிரிக் கேட்டனி. எனக்கு விளங்கேல்லை எண்டு தெரிஞ்சுகொண்டும் பேசாமல் போனனி. அது சும்மா கேளாமல் விடுறதைவிட மோசம்."

அருந்ததி தலைகுனிந்தாள்.

"உனக்குப் பேருக்குப் பயம். அண்ணன்ரை பேரைப் போட்டாய். பேப்பர்காரன் தன்ரை பாட்டுக்கு ஒரு கேள்வியைப் போட்டான். ஊர் அதுக்குப் பதில் சொல்லிச்சுது. முகம் மட்டும் என்ரை. என்ரை முகத்துக்குக் கீழை எனக்கெண்டு ஒரு சொல் இருந்ததோ? நான் அண்டைக்குச் சந்தோசமா நிண்டனான், அருந்ததி. ஆரையும் நினைச்சு நிக்கேல்லை. நான் இருக்கிறன் எண்ட சந்தோசத்திலை நிண்டனான். அதை நான் இனி ஆருக்கு விளங்கப்படுத்துறது?"

கடைசிச் சொற்களை அவள் வேலியோரம் நின்றவனைப் பார்த்துச் சொன்னாள். ஆழ்வாப்பிள்ளை கண்ணை எடுக்கவில்லை.

அருந்ததி கைப்பைக்குள் இருந்து ஒரு கடித உறையை எடுத்தாள். "நெகற்றிவ். அந்தச் சின்னப் படமும் உள்ளுக்கு இருக்கு. இதுகளை விட்டால் வேறை ஒண்டும் இல்லை. பெருப்பிச்ச படம் கொழும்பிலை. அதை நான் திருப்பி எடுக்கேலாது."

கனகாம்பிகை அதை வாங்கினாள். கிழித்துவிடுவாள் என்று அருந்ததி நினைத்தாள். அவள் நெகற்றிவ்வை மட்டும் வெளியே எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஆழ்வாப்பிள்ளை கிட்ட வந்தான்.

"நானும் ஒருக்கால் பாக்கட்டோ?"

அவள் யோசித்தாள். "இப்ப வேண்டாம்" என்றாள். நெகற்றிவ்வை உறைக்குள் வைத்து, உறையை மடித்து, சட்டைக்குள் செருகிக்கொண்டாள். அவன் நீட்டின கையை மெல்ல இழுத்துக்கொண்டான். கோபிப்பான் என்று தகப்பன் பயந்தது அவருடைய முகத்தில் தெரிந்தது. ஆனால் அவன் பாயருகே குந்தி, காகம் கிளறிவிட்ட கருவாட்டை ஒவ்வொன்றாக எடுத்து நேராக அடுக்கத் தொடங்கினான்.

அருந்ததி தனியாகப் பஸ் ஏறினாள்.

கனகாம்பிகை ஆடி மாதம்தான் பருத்தித்துறைக்குத் திரும்பி வந்தாள். நாகேஸ்வரியின் வீட்டுக்கு அல்ல. வேறொரு தெருவில் ஆழ்வாப்பிள்ளை வாடகைக்கு எடுத்த சிறிய வீட்டுக்கு. அவன் அந்த முறை கப்பலுக்குப் போவதைத் தள்ளிப்போட்டுவிட்டு ஊரில் ஆறேழு மாதம் நின்றான் என்று அருந்ததி கேள்விப்பட்டாள். அவர்களுக்குள் என்ன பேச்சு நடந்தது, அவன் அந்த நெகற்றிவ்வைப் பார்த்தானா இல்லையா என்பதெல்லாம் அவளுக்குத் தெரியவரவில்லை. தில்லைநாதனிடமிருந்து தாய்க்கு ஒழுங்காகக் காசும் சுகசெய்தியும் வந்தன. தங்கையைப் பற்றி ஒரு விசாரிப்பும் இருக்காது. பெட்டியில் மிச்சம் இருந்த பிலிம்கள் அப்படியே கிடந்தன.

கார்த்திகையில், மழை விட்டிருந்த ஒரு காலை, மீன் சந்தையில் அருந்ததி அவளைக் கண்டாள். கனகாம்பிகை ஒரு பாரை மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். விலை சரிவராமல் திரும்பியவள் அருந்ததிக்கு நேரே வந்து நின்றாள். விலகிப்போக இடமில்லை.

"பள்ளிக்கூடம் எப்பிடி?" என்றாள்.

"இருக்கு. நீ சுகமோ?"

"ஓம். சுகம்." கனகாம்பிகை கூடையை இடுப்பில் மாற்றிவைத்தாள். "வாறன்" என்று சொல்லிவிட்டுச் சனத்துக்குள் போனாள்.

அவள் நின்ற இடத்தில், கூரைத் தகரத்தின் நீக்கலால் வெளிச்சம் சாய்ந்து விழுந்து, ஈர நிலத்தில் பட்டு மேலே எழும்பிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சம் கனகாம்பிகையின் கன்னத்தில் எப்படி விழுந்தது, எந்தப் பக்கம் நிழல் இருந்தது, நாடியைச் சற்றே திருப்பியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதையெல்லாம் தான் கவனித்துவிட்டதை அருந்ததி அப்போதுதான் உணர்ந்தாள். அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் கனகாம்பிகையின் முதுகு சனத்துக்குள் மறையும்வரை அவள் கண்ணை எடுக்கவில்லை.